மூணாம் நம்பர் பிரதி

உலகம்மை டீச்சரைவிட இன்னாசிக்குப் பதினைந்து வயது கூடுதல். ஆனாலும் எழுத்து வரையக் கற்றுக்கொண்டது டீச்சரிடம்தான்.

இன்னாசி மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருஷம் வரைவாளராக இருந்தவர். கம்பமும் கம்பியும் வரைந்து சலித்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் டீச்சரின் பட்டறை இருந்தது. நாலு மேஜை, நாலு கம்ப்யூட்டர். கணினிக்கும் கைபேசிக்கும் அச்சுக்கும் வேண்டிய தமிழ் எழுத்துருக்களை அங்கே வரைந்தார்கள். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

நாலு வருஷம் உட்கார்ந்து இன்னாசி ஒரே ஒரு எழுத்துருவை வரைந்து முடித்தார். சுழிகள் எல்லாம் கொடுக்காப்புளிக் காய் மாதிரி உள்வாங்கி வளைந்திருந்தன. அதனால் கொடுக்காப்புளி என்றே பேர் வைத்தார். டீச்சர் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, தூரமாகப் போய் நின்று பார்த்தார். கிட்ட வந்தும் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

அன்றைக்கு இன்னாசி கேட்டார்.

"இதை விக்கவா டீச்சர், வாடகைக்கு விடவா?"

டீச்சர் இருக்கிற வழிகளைச் சொன்னார். விற்றால் ஒரே தடவை பணம் வரும், வாங்கியவர் காலம் முழுக்க வைத்துக்கொள்வார். வாடகைக்கு விட்டால் வருஷா வருஷம் வரும், வாடகை முடிந்ததும் அவர்கள் எழுத்துருவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். சந்தா என்று இன்னொன்று இருந்தது. அதற்கு ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான எழுத்துருக்களைச் சேர்த்து வைத்திருக்கும். மாதச் சந்தா கட்டுகிறவர் எதை வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம். எந்த எழுத்து எவ்வளவு புழங்கியதோ அதற்குத் தக்க பங்கு, வரைந்தவருக்கு வரும். டீச்சரின் எழுத்துருக்கள் அப்படி ஒரு நிறுவனத்தில்தான் இருந்தன.

இன்னாசி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு புழங்குச்சுன்னு யார் எண்ணுதா?"

"அவங்கதான்."

"அது சரியா இருக்கான்னு யார் பாக்கா?"

"யாரும் பாக்கல."

"அப்ப நீங்க எப்படிச் சேந்தீங்க?"

"கையெழுத்துப் போட்டுச் சேந்தேன்."

இன்னாசிக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். ஆள் சேர்த்துவிடுகிறவர்களுக்கு அந்த நிறுவனம் ஏதாவது கொடுக்குமோ? டீச்சருக்கு இதில் என்ன லாபம்? மறுநாள் அதை நேரே கேட்கத் துணிவில்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டார். டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் ஒப்பந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னாசி அதை மூன்று நாள் வாசித்தார். அடிக்குறிப்பையும் விடவில்லை. அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவரை உறுத்தியது. ஒரு பத்திரம் இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

கடைசியில் யாரையும் நம்ப வேண்டாம், தானே வாடகைக்கு விடுவோம் என்று முடிவெடுத்தார். ஒன்பது பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். ஒரு வருஷத்துக்குள் பதினோரு பேர் கொடுக்காப்புளிக்கு வாடகைக்கு வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள், ஒரு பால் கூட்டுறவுச் சங்கம், ஒரு சித்த மருந்துக் கம்பெனி, ஆலங்குளத்தில் முத்து கிராபிக்ஸ் என்று ஒரு கடை. பேச்செல்லாம் போனில்தான். இன்னாசியின் போனில் அவர்கள் யாருக்கும் பேர் கிடையாது. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று வரிசையாகப் பதிந்து வைத்திருந்தார். முத்து கிராபிக்ஸ் மூணாம் நம்பர்.

அப்படியும் மனசு ஆறவில்லை. வாடகை முடிந்த பிறகும் ஒருத்தர் எழுத்தைப் புழங்கினால் எப்படித் தெரியும்? வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்தால்? அதற்கு ஒரு வேலை செய்தார். ஒவ்வொருத்தருக்கும் கொடுத்த பிரதியில் ஒரே ஒரு எழுத்தில், எறும்பு கடித்த அளவுக்கு ஒரு வெட்டு வைத்தார். ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு எழுத்து. ஒண்ணாம் நம்பருக்கு 'கு'வின் வாலில். மூணாம் நம்பருக்கு 'ண'வின் நடுச்சுழியில். சும்மா பார்த்தால் தெரியாது. இடம் தெரிந்து, பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இதை டீச்சரிடம் கொஞ்சம் பெருமையாகவே காட்டினார். டீச்சர் திரையில் 'ண'வைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல வேலை. சுழியைக் கெடுக்காம வெட்டிருக்கீங்க."

இன்னாசி சிரித்தார்.

"எனக்கு ஒரு பிரதி குடுத்தீங்களே, அதுல எந்த எழுத்து?"

இன்னாசியின் சிரிப்பு நின்றது. கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"'ஞ'வுல, டீச்சர்."

"பரவால்ல. அதிகம் வராத எழுத்து."

டீச்சர் கோபப்படுவார் என்று இன்னாசி இரண்டு நாள் காத்திருந்தார். கோபமும் வரவில்லை. டீச்சர் எதையோ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அதிலிருந்து இன்னாசிக்கு ஊரெல்லாம் வேலை. பால் பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டில் எந்த நோட்டீஸ் கிடந்தாலும் எடுத்துப் போனில் பெரிதாக்குவார். மருந்துக் கடையில் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில், என்ன வாங்க வந்தோம் என்பது மறந்து திரும்பிய நாளும் உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் வெளிச்சத்தில் பிடித்துச் சோதித்துவிட்டு, மகளிடம் கொடுத்து எந்தத் தேதி என்று கேட்பார்.

அந்தச் சந்தேகம் வீணும் இல்லை. ஏழாம் நம்பர் தன் மச்சினன் கடைக்கும் பிரதியைத் தூக்கிக் கொடுத்திருந்தார். இன்னாசி வெட்டைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஒன்பதாம் நம்பரும் அப்படியே. இரண்டு பேர் மாட்டியபின் மற்ற ஒன்பது பேரும் இன்னாசியின் கண்ணுக்கு இன்னும் மாட்டாத திருடர்களாகத் தெரிந்தார்கள்.

இதற்கிடையே வாடகைக்காரர்களில் நாலைந்து பேர் தடித்த எழுத்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைப்புக்கு, பேருக்கு, அதெல்லாம் இல்லாமல் முடியாது. இன்னாசி அதை அகரத்திலிருந்து ஊகாரம் வரைக்கும் வரைந்து அப்படியே போட்டிருந்தார். டீச்சர் ஒரு தடவை விசாரித்தார். முதலில் இவர்களைப் பிடித்துவிடுகிறேன், பிறகு வரைகிறேன் என்றார் இன்னாசி. டீச்சர் பிறகு கேட்கவில்லை.

மூணாம் நம்பரின் வாடகை புரட்டாசியோடு முடிந்தது. இன்னாசி இரண்டு தடவை போன் போட்டார். இரண்டு தடவையும் அணைத்து வைத்திருந்தது. செய்தி அனுப்பினார், பதில் இல்லை. ஓடி ஒளிகிறார் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

மார்கழியில் தென்காசிக்கு ஒரு விசேஷத்துக்குப் போகிற வழியில் பஸ் ஆலங்குளத்தில் நின்றது. ஜன்னலுக்கு நேரே சுவரில் ஒரு போஸ்டர். அதிலிருந்த 'ண' இன்னாசியைப் பார்த்தது. பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டார். போனை எடுத்துப் பெரிதாக்கினார். நடுச்சுழியில் வெட்டு. ரேஷன் கடைச் சுவரில் அதே போஸ்டர், அரிசி ஆலைச் சுவரிலும் அதே. தொட்டுப் பார்த்தார், பசை காயவில்லை. மூன்று சுவரையும் படம் எடுத்துக்கொண்டு, விசேஷத்துக்குப் போகாமலே ஊர் திரும்பினார்.

மறுநாள் டீச்சர் பட்டறையைத் திறக்கும்போதே இன்னாசி படியில் நின்றிருந்தார். போனை நீட்டினார். திரை முழுக்க ஒரே ஒரு 'ண'.

"பாருங்க டீச்சர். மூணாம் நம்பர். வாடகை முடிஞ்சு மூணு மாசமாச்சு."

"என்ன போஸ்டர் இது?"

"சாவு போஸ்டர். யாரோ போயிட்டாங்க போல. ஆர்டர் புடிச்சு அடிச்சிருக்காரு."

டீச்சர் போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினார். சுருக்கச் சுருக்க 'ண' சின்னதாகி, பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்தது. முழுப் போஸ்டரும் திரைக்குள் வந்தது. டீச்சர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். இன்னாசி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவரை நேர்ல பாத்திருக்கீங்களா, அண்ணாச்சி?"

"இல்ல. போன்ல பேசுனதுதான்."

"பேரு என்ன?"

"அக்ரிமெண்டுல இருக்கும். என்னமோ முத்து."

டீச்சர் திறந்த கதவைத் திரும்பப் பூட்டினார்.

"வாங்க. போயிட்டு வருவோம்."

இன்னாசிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தனியாகப் போனால் மறுத்துவிடுவான், டீச்சர் கூட இருந்தால் சாட்சி ஆச்சு. ஒன்பது பக்க ஒப்பந்தத்தை ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் டீச்சர் பூக்கடைப் பக்கம் போய் ஒரு சம்பங்கி மாலை வாங்கி வந்தார்.

"மாலை எதுக்கு டீச்சர்?"

"வெறுங்கையோட எப்படிப் போக?"

பஸ் கிளம்பியது. டீச்சர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இன்னாசி அந்த மாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். திருடனுக்கு மாலையா? ஒருவேளை டீச்சருக்கு அந்த ஆளை ஏற்கெனவே தெரியுமோ? இரண்டு பேரையும் சமாதானம் பண்ணி வைத்து, உங்களுக்கு இந்த வாடகை வியாபாரமெல்லாம் ஒத்து வராது, பேசாமல் சந்தாவில் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் கூட்டிப் போகிறாரோ? யோசிக்க யோசிக்க அதுதான் சரி என்று பட்டது. சமாதானத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டார்.

ஆலங்குளத்தில் இறங்கியதும் டீச்சர் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். இன்னாசி ஓடிப்போய் 'ண'வைத் தொட்டுக் காட்டினார். டீச்சர் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாம் வந்தது தெரிந்து அந்த ஆள் கடையைச் சாத்திவிடப் போகிறான் என்று இன்னாசி தெருவையே கவனித்துக்கொண்டிருந்தார்.

கடை, ஒரு வீட்டின் முன்னறைதான். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி இருந்தன. கூட்டம் வரும் போலிருக்கிறது, நல்ல ஓட்டம்தான் என்று நினைத்தபடி இன்னாசி குனிந்து உள்ளே போனார். போகும்போதே ஃபைலைத் திறந்துகொண்டார்.

உள்ளே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இன்னாசி கறாரான குரலில் கேட்டார்.

"முத்து கிராபிக்ஸ் ஓனர் இருக்காரா?"

அந்தப் பெண்மணி அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்த டீச்சரையும் டீச்சர் கையிலிருந்த மாலையையும் பார்த்தார்.

"அந்தா இருக்காங்க" என்று கை காட்டினார்.

கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில் படம். படத்துக்கு முன்னால் விளக்கு. கண்ணாடி போட்ட, கொஞ்சம் வழுக்கையான ஒரு மனிதர். நேற்று மூன்று சுவரில் இன்னாசி பார்த்த அதே படம்.

இன்னாசி ஃபைலை மூடினார். மூடிய பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டீச்சர்தான் இன்னார் என்று சொன்னார். பெயரைக் கேட்டதும் அந்தப் பெண்மணி எழுந்து நின்றார்.

"கொடுக்காப்புளி சாரா?"

அவர் பேர் செல்வக்கனி. இறந்துபோன மாசானமுத்துவின் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்துதான் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். புரட்டாசி கடைசியில் மாசானமுத்துவுக்குக் கிட்னி கெட்டுப்போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கிறார். அது வரைக்கும் கடை பூட்டித்தான் கிடந்தது. போன் எந்தப் பையில் கிடந்தது என்றுகூடத் தெரியாது என்றார் செல்வக்கனி.

பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மாசானமுத்து உட்கார்ந்து, வாடகை முடிந்துவிட்டது என்று சொல்லி, கொடுக்காப்புளியைத் தனியே எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாராம். செல்வக்கனி அந்த ஃபோல்டரைக் காட்டினார். அதற்கு அவர் வைத்திருந்த பேர்: 'இன்னாசி சாருக்கு உரியது. தொடக் கூடாது.'

"நான்தான் சார் தொட்டேன்" என்றார் செல்வக்கனி. "அவங்களுக்கு இந்த எழுத்துன்னா உசுரு. வேற எழுத்துல எல்லாம் போட்டுப் பாத்தேன். அவங்க பேரு அவங்க பேரு மாதிரியே இல்ல. பதினாறாம் நாளுக்குன்னு இந்த ஒரு தடவைதான். தப்புதான். வேணும்னா ஒட்டுனதைக் கிழிச்சிரச் சொல்லுதேன்."

இன்னாசி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

டீச்சர் மாலையை அவர் கையில் கொடுத்தார். இன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, படத்துக்குப் போட்டார். மாலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

செல்வக்கனி காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஷட்டர் வரைக்கும் வந்து, இன்னொன்றும் சொன்னார். தடித்த எழுத்து வரும் என்று சார் சொன்னதாக மாசானமுத்து ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது வந்திருந்தால் பேரை அதில் போட்டிருப்பேன், பார்க்க எடுப்பாக இருந்திருக்கும் என்றார். குறையாகச் சொல்லவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் இன்னாசி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீதபற்பநல்லூர் வந்தது, போனது. டீச்சர் தூங்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து இன்னாசி பட்டறைக்கு வந்து தடித்த எழுத்தை வரைய உட்கார்ந்தார். இகரத்தைத் திரும்ப எடுத்தார், பிடிக்காமல் அழித்தார், மறுபடி எடுத்தார். இரண்டு மாதம் ஆனது. முடிந்ததும் முதல் பிரதியை ஆலங்குளத்துக்கு அனுப்பினார். ஒப்பந்தம் எதுவும் கூட அனுப்பவில்லை. மற்றவர்களிடம் வாடகை வாங்குவதை நிறுத்தவில்லை. ஒப்பந்தம் ஒன்பது பக்கம் என்பது இரண்டு பக்கமாயிற்று. புதுப் பிரதிகளில் வெட்டு வைத்தாரா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பத்தாம் நம்பர் ஒருநாள் போன் பண்ணியபோது, உங்கள் பேர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

இடையில் ஒருநாள் சந்தாவைப் பற்றியும் கேட்டார். விற்கிறதா, வாடகையா, சந்தாவா, மூன்றில் எதில் களவு போகாது என்று கேட்டார். மூன்றிலும் போகும் என்றார் டீச்சர்.

ஆனாலும் ஒரு சந்தேகம் இன்னாசிக்குத் தீரவேயில்லை. அது டீச்சர் மேல். ஆலங்குளம் பஸ்ஸில் ஏறிய நேரத்திலிருந்து அதை உள்ளுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். பல் டாக்டர் லீவு போட்ட ஒரு மத்தியானம், கீழே மிஷின் சத்தம் இல்லாமல் கட்டடமே அமைதியாக இருந்தபோது, நாற்காலியை டீச்சர் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அன்னைக்குப் போன்ல படத்தைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. இல்லியா டீச்சர்?"

"ஆமா."

"போனவரு யாருன்னு தெரியும். அங்க போனா எனக்கு எப்படி ஆகும்னும் தெரியும். தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனீங்க."

"ஆமா."

"முத்து கிராபிக்ஸ் உரிமையாளர்னு பேருக்குக் கீழயே போட்டிருந்துச்சு. பொறவுதான் பாத்தேன். நான் ஃபைலை விரிச்சிக்கிட்டுப் போயி அந்தம்மா முன்னால நிக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? ஏன் சொல்லல?"

டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க வரைஞ்ச எழுத்து, அண்ணாச்சி. தெளிவாத்தான் இருந்துச்சு."